நகல் ஃபேமிகாம்: மூடியைத் திறந்து அடையாளம் காண்பது எப்படி?

தொண்ணூறுகளில் நம் ஊரில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகளில் பல, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியின் நகல்கள். இந்தியாவில் சாமுராய், மீடியா, ரஷ்யாவில் டெண்டி, போலந்தில் பெகாசஸ், சீனாவில் சுபோர், பிரேசிலில் ஃபேன்டம் சிஸ்டம். பெயரே இல்லாமல் வந்தவற்றுக்குக் கணக்கில்லை.

புதிதாகச் சேகரிக்க வருபவரைக் குழப்புவது இந்தப் பெயர்கள்தான். தைவானின் மைக்ரோ ஜீனியஸ் ஐக்யூ-502 பெட்டியே ரஷ்யாவில் டெண்டி கிளாசிக் ஆனது, போலந்தில் பெகாசஸ் ஆனது. இன்னொரு பக்கம், ஒரே பெயர், ஒரே வடிவம் என்று நம்பி இரண்டு வாங்கினால் உள்ளே இரண்டு வேறு (சர்க்யூட்) போர்டு இருக்கும். அதனால் மேலே ஒட்டிய ஸ்டிக்கரை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு போர்டைப் பார்த்த பிறகு.

படி 1: வாங்கும்போது

காயலாங்கடை, இணையத்தில் பழைய பொருள் விற்பவர்கள், சொந்தக்காரர் வீட்டுப் பரண் எல்லாமே நல்ல இடங்கள்தான். இணையத்தில் வாங்கினால் முன்பக்கப் படம் போதாது. அடிப்பக்கம், கேசட் போடும் துளை, ஜாய்ஸ்டிக் மாட்டும் இடம், அடாப்டர் மாட்டும் இடம் ஆகிய நான்கையும் படமாகக் கேளுங்கள். “லைட் எரியுது, டெஸ்ட் பண்ணல” என்று விற்பவர் சொன்னால், ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

படி 2: வெளியே பார்க்க வேண்டியவை

கேசட் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வரிசைக்கு 30 வீதம் 60 பின் இருந்தால் ஃபேமிகாம் வகை. 72 பின் என்றால் என்இஎஸ் வகை, அதாவது நின்டெண்டோ அமெரிக்காவில் விற்ற ஃபேமிகாம் வடிவம். பிரேசிலின் ஃபேன்டம் சிஸ்டம் இந்த இரண்டாவது வகைதான். அதன் வெளிக்கூடோ அடாரி 7800 என்ற வேறொரு கேம் பெட்டியைப் பார்த்துச் செய்தது!

வடிவத்தை நம்பவே முடியாது என்பதற்கு பாலிஸ்டேஷன் நல்ல உதாரணம். பார்த்தால் பிளேஸ்டேஷன். சிடி மூடியைத் தூக்கினால் உள்ளே 60 பின் கேசட் துளை. சுபோரின் எஸ்பி-486 கணினி கீபோர்டு போலவே இருக்கும். ‘படிப்புக்கு’ என்று சொல்லிப் பெற்றோரிடம் விற்றார்கள். (அந்த நிறுவனத்தை அப்போது நடத்திய துவான் யோங்பிங் பிறகு தொடங்கிய பிபிகே நிறுவனத்தின் வழி வந்தவைதான் இன்றைய ஓப்போ, விவோ.)

அசல் ஃபேமிகாமில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. இரண்டாவதில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்களுக்குப் பதிலாக மைக் இருக்கும். நகல்களில் பெரும்பாலும் 9 பின் அல்லது 15 பின் பிளக். ஒன்று முக்கியம்: 9 பின் என்பதாலேயே ஒரு பெட்டியின் ஜாய்ஸ்டிக்கை இன்னொன்றில் மாட்டாதீர்கள். உள்ளே ஒயர் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றல்ல.

படி 3: திறந்து படிப்பது

மின்சாரம் கொடுக்கும் முன்பே திறந்துவிடுங்கள். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள்.

போர்டு இரண்டு விதமாக இருக்கும். பழையதில் 40 கால் கொண்ட இரண்டு நீளமான சிப்கள், கூடவே 6116 என்ற எண்ணோடு இரண்டு மெமரி சிப்கள் இருக்கலாம். 40 கால் சிப்களில் ஒன்று பிராசசர், மற்றது படம் வரைவது. தைவானின் யூஎம்சி தயாரித்தது என்றால் பிராசசரில் யூஏ6527, படச் சிப்பில் யூஏ6528 அல்லது யூஏ6538 என்று அச்சிட்டிருக்கும். 6528 என்றால் என்டிஎஸ்சி (NTSC) என்ற 60 ஹெர்ட்ஸ் டிவி முறை உள்ள நாடுகளுக்கு. 6538 என்றால் பால் (PAL) என்ற 50 ஹெர்ட்ஸ் டிவி முறை உள்ள நாடுகளுக்கு. இந்திய டிவி இரண்டாவது வகை. எழுத்து மங்கியிருந்தால் பஞ்சில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், எழுத்து எழும்பி வரும்.

புதிய போர்டுகளில் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிவிட்டார்கள். யூஎம்சியின் யூஎம்6561 அப்படிப்பட்ட ஒன்று. மலிவானவற்றில் அந்தச் சிப் கூட வெளியே தெரியாது. போர்டு நடுவே கறுப்புப் பிசினைத் திருஷ்டிப் பொட்டு போல வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டாதீர்கள், உள்ளே இருப்பது உடைந்து போகும். இந்த வகைக்கு, போர்டின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணே ஒரே அடையாளம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிப்பின் மேல் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும். 9134 என்றால் 1991-ஆம் ஆண்டின் 34-வது வாரம். கடைசி இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டினால் அது தேதியல்ல, வேறு எண். எல்லாச் சிப்களிலும் பார்த்து, ஆகக் கடைசித் தேதியை எடுங்கள். பெட்டி அதற்குப் பிறகுதான் பிறந்திருக்க வேண்டும்.

படி 4: கிரிஸ்டல்

பெட்டியின் வேகத்துக்குத் தாளம் போடும் சின்ன வெள்ளி டப்பா ஒன்று இருக்கும், மேலே மெகாஹெர்ட்ஸ் எண்ணோடு. 21.477 என்றால் என்டிஎஸ்சி. 26.601 என்றால் பால். இதில் நகல் தயாரித்தவர்களின் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. நின்டெண்டோ தன் பால் பெட்டியில் இந்த வேகத்தை 16-ஆல் வகுத்ததால் பிராசசர் 1.66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. டெண்டி வகையில் 15-ஆல் வகுத்தார்கள், 1.77 வந்தது. ஜப்பானியப் பெட்டியின் 1.79-க்குக் கிட்டத்தட்ட சமம். ஜப்பானிய கேசட் போட்டால், படம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஆட்டமும் பாட்டும் மெதுவாகப் போகும், ஆனால் பிராசசர் வேகம் கிட்டத்தட்ட அதே என்பதால் சுருதி இறங்காது. காதாலேயே கண்டுபிடிக்கலாம்.

படி 5: அடாப்டர், பிறகு மின்சாரம்

இங்கே அவசரப்பட்டால் பெட்டி போச்சு. பல நகல்களுக்கு 9 வோல்ட் டிசி. நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதுதான் பெட்டிக்குப் பெட்டி மாறும். போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைத் தேடுங்கள், அதன் நடுக்கால்தான் மைனஸ். தகரத் துண்டில் இறுக்கியிருப்பார்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை அதன் நடுக்காலிலும் மறுமுனையை அடாப்டர் துளையின் நடுக்கம்பியிலும் தொடுங்கள். பீப் அடித்தால் நடு மைனஸ். அடிக்காமல், வெளித் தகட்டில் தொட்டால் அடித்தால் நடு பிளஸ். இரண்டிலும் அடிக்கவில்லை என்றால் இடையில் டயோட் இருக்கலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

சரி, இப்போது கேசட்டின் தங்க முனைகளை ஆல்கஹாலில் துடைத்து, போட்டு ஓட்டுங்கள். இசையைக் கேளுங்கள். பல நகல்களில் ஒலியின் தொனியைத் தீர்மானிக்கும் 25, 50 சதவீத அலை வகைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். பழகிய பாட்டு வேறு வாத்தியத்தில் வாசித்தது போல் ஒலிக்கும். கணினியில் எமுலேட்டரில் (பழைய பெட்டி போலவே இயங்கும் மென்பொருள்) அதே ஆட்டத்தை ஓட்டி ஒப்பிட்டால் உடனே பிடிபடும். கேசட் இல்லாமலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், உள்ளேயே ஆட்டம் வைத்த பெட்டி என்றால் பட்டியல் வரும்.

படி 6: குறித்து வைப்பது

ஸ்டிக்கர் பெயர், பின் எண்ணிக்கை, போர்டு எண், சிப் எண்கள், கடைசித் தேதி, கிரிஸ்டல், அடாப்டர் முனை என ஒரு பெட்டிக்கு ஒரு வரி போதும். கூட்டுக்குள் பொருந்தாமல் பசை போட்டு ஒட்டிய போர்டு, வேறு நிற ஒயர், புதிதாகச் சால்டர் செய்த இடம் தென்பட்டால் அதையும் எழுதுங்கள். எப்போதோ ஒரு மெக்கானிக் வேறு பெட்டியின் போர்டை மாற்றி வைத்திருக்கலாம்.