ஒரு காட்சியைப் பிரித்துப் பாருங்கள்: திரைப்படக் குழுவில் உங்களுக்குரிய பணியைக் கண்டறிய ஒரு வழிகாட்டி

திரைப்படத் துறையில் சேர விரும்பிச் சென்னைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது உதவி இயக்குநர் வேலையைத்தான். அவர்கள் எல்லோரும் இயக்குநராகவே பிறந்தவர்கள் என்பதால் அன்று. வேறு என்னென்ன பணிகள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாததால்தான். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு படங்களில் உதவி இயக்குநராக ஓடியாடிய பிறகே, எனக்குக் கன்டினியூட்டி பார்ப்பதில்தான், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் மாறாமல் தொடர்கிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்வதில்தான், மனம் நிலைக்கிறது என்பது புரிந்தது. அந்த இரண்டு படங்களின் காலத்தை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

துறைகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒரே ஒரு காட்சியை எடுத்து, அது படமாவதற்கு யார் யாருக்கு என்ன வேலை வருகிறது என்று தாளில் எழுதிப் பாருங்கள். தயாரிப்பு அலுவலகத்தில் இதற்கு பிரேக்டவுன் என்று பெயர். எடுத்துக்காட்டாக ஒரு காட்சியை நானே தருகிறேன்.

காட்சி 47. கிராமத்து வீட்டுத் திண்ணை. மாலை. மழை பெய்துகொண்டிருக்கிறது. கொட்டகையில் ஒரு மாடு. தாய் அடுப்படியிலிருந்து டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டுகிறாள். மகன் அதை வாங்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போகிறான்.

படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது. திரையிலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. ஆனால் இந்தச் சில வரிகள் கையில் கிடைத்ததும் முதலில் கவலைப்படுபவர் இயக்குநர் அல்லர், தயாரிப்பு நிர்வாகி. எந்த ஊர், யாருடைய வீடு, வீட்டுக்காரரிடமும் ஊராட்சியிடமும் காவல் நிலையத்திலும் அனுமதி பெற்றாயிற்றா, குழுவினர் தங்குவது எங்கே, மழைக்குத் தண்ணீர் லாரி எத்தனை நடை வர வேண்டும், அந்தச் சந்துக்குள் ஜெனரேட்டர் வண்டி நுழையுமா என்று அவருடைய பட்டியல் நீளும். காலைச் சிற்றுண்டி முதல் இரவு தரும் பேட்டா என்னும் தினப்படி வரை அவருடைய பொறுப்பு. அவருக்குக் கீழே புரொடக்ஷன் மேனேஜரும், டீயும் சாப்பாடும் பரிமாறும் புரொடக்ஷன் உதவியாளர்களும் இருக்கிறார்கள். கணக்கில் தெளிவும் மனிதர்களிடம் பொறுமையும் உடையவர்கள் இந்தத் துறையை ஏனோ நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு படம் பாதியில் நிற்காமல் முடிவதற்கு இவர்களைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

கொட்டகையில் நிற்கும் மாட்டையும் கவனியுங்கள். எழுதியவருக்கு அது மூன்று சொல். தயாரிப்பு அலுவலகத்துக்கோ தனி வேலை. விலங்கைப் படம்பிடிக்க விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், பிறகு தணிக்கையின்போது அதற்கான சான்றையும் காட்ட வேண்டும். அதனால்தான் நல்ல இணை இயக்குநர் ஒருவர் படப்பிடிப்புக்குப் பல வாரங்கள் முன்பே, “இந்த மாடு கதைக்குத் தேவைதானா?” என்று இயக்குநரிடம் கேட்டுவிடுவார்.

அடுத்து கலைத் துறை. திண்ணைச் சுவரில் சுண்ணாம்பு எத்தனை ஆண்டுப் பழையது, தூணில் எண்ணெய்க் கறை எந்த உயரத்தில் படிந்திருக்கும், அந்த வீட்டு வசதிக்குப் பித்தளை டம்ளரா, எவர்சில்வரா என்பதையெல்லாம் கலை இயக்குநர் முடிவு செய்கிறார். தச்சர்களும் வண்ணம் பூசுபவர்களும் பொருள்களைத் தேடிக் கொண்டுவரும் செட் உதவியாளர்களும் அவருடைய கைகள். 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்துக்காக மும்பையின் தாராவியைச் சென்னை ஸ்டுடியோவுக்குள் எழுப்பிய தோட்டா தரணிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தத் தெருக்கள் செட் என்றே பார்வையாளர்கள் பலருக்குத் தோன்றவில்லை. கண்ணில் படாமல் இருப்பதே இந்தத் துறையின் வெற்றி என்பதால், பாராட்டை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏற்ற இடமன்று.

உடைப் பிரிவினர் காட்சி 47-ஐப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: மகனின் சட்டை எத்தனை வேண்டும்? மழையில் இறங்கியதும் சட்டை நனைந்துவிடும். அதே ஷாட்டை மறுபடி எடுக்கும் இரண்டாவது டேக்குக்கு அவர் மறுபடியும் உலர்ந்த சட்டையோடு திண்ணையில் உட்கார வேண்டும். ஆகவே ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே அளவு வெளுத்த சட்டைகள் நான்கைந்தாவது தயாராக இருக்க வேண்டும். வடிவமைப்பவர் ஒருவர், படப்பிடிப்புத் தளத்தில் துணிகளைப் பராமரித்து அணிவிக்கும் காஸ்ட்யூமர் வேறொருவர். ஒப்பனை, சிகை ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு.

ஒளிப்பதிவாளருக்கு இந்தக் காட்சியில் உள்ள சிக்கல் மழைதான். முன்னாலிருந்து ஒளி விழுந்தால் மழைத் தாரை கேமராவில் சரியாகத் தெரியாது. பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கம்பிபோல் மின்னும். ஆகவே விளக்கை வீட்டுக்கு அப்பால், உயரத்தில், ஈரத் தரையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதைத் தூக்கிக் கட்டுபவர்கள் லைட்மேன்கள். தெர்மோகோல் பலகையை எந்தக் கோணத்தில் பிடித்தால் தாயின் முகத்தில் மென்மையான ஒளி படரும் என்பதை யாரும் சொல்லாமலே அறிந்த மூத்த லைட்மேன்களை நான் பார்த்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஃபோகஸ் புல்லர். நடிகர் நிற்கும் இடங்களில் தரையில் டேப் ஒட்டி, அங்கிருந்து கேமராவுக்குள்ள தூரத்தை அளந்து வைத்துக்கொண்டு, டம்ளரை நீட்டும் கையிலிருந்து மகனின் முகத்துக்குத் தெளிவு நகரும் அந்த நொடியை அவர்தான் நிகழ்த்துகிறார். நடிகர் அரை அடி முன்னால் வந்துவிட்டாலும் அதை உணர்ந்து கையைத் திருப்ப வேண்டும். பதிவான மெமரி கார்டைப் பெற்று, இரண்டு தனித்தனி டிரைவ்களில் நகலெடுத்து, இரண்டும் சரியாக இருப்பதை உறுதி செய்யும் வரை கார்டை அழிக்காமல் காப்பவர் இன்னொருவர். குளிர்ந்த அறையில் அமைதியாகச் செய்யும் வேலைபோல் தோன்றினாலும், ஒரு நாள் முழுவதும் எண்பது பேர் உழைத்த உழைப்பு அவருடைய மேசைமேல்தான் இருக்கிறது.

ஒலிப்பதிவாளர் அந்த மாலையில் மிகவும் தனிமையானவர். மழைக் குழாயின் மோட்டார் இரைச்சலில் வசனம் சுத்தமாகப் பதிவாகாது. ஆனாலும் பின்னர் டப்பிங் பேசுபவருக்கு வழிகாட்டியாக அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். காட்சி முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, “ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் இருங்கள்” என்று கேட்டு, அந்த இடத்தின் வெறும் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்வார். அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கும் குழு நல்ல குழு.

இப்போது என் துறையான கன்டினியூட்டிக்கு வருகிறேன். தாய் அடுப்படியிலிருந்து புறப்படும் பகுதியைச் சென்னையில் செட் போட்டு, மூன்று வாரம் கழித்து எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் எடுத்தபோது அவள் டம்ளரைப் பிடித்திருந்தது எந்தக் கையில்? காபி விளிம்பிலிருந்து எத்தனை விரல் கீழே இருந்தது? முந்தானை இடுப்பில் செருகியிருந்ததா? நெற்றியில் விபூதி எவ்வளவு கலைந்திருந்தது? மகன் பையை மாட்டியது இடது தோளிலா? “போறேம்மா” என்ற சொல்லுக்கு முன்பா, பின்பா? ஷாட் முடிந்த உடனே புகைப்படம் எடுத்துக்கொள்வது பாதி வேலைதான். அசைவும் சொல்லும் ஒன்றோடொன்று எங்கே சேர்கின்றன என்பதைப் புகைப்படம் காட்டாது. அதைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் எந்த லென்ஸ், எவ்வளவு நேரம், இயக்குநர் எதை ஓகே சொன்னார், எது எதனால் கெட்டது என்பதும் அந்த ஏட்டில் இருக்க வேண்டும். படத்தொகுப்பாளர் முதலில் திறப்பது அந்த ஏட்டைத்தான்.

கிளாப் பலகை அடிப்பதையும் சிறு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். காட்சி, ஷாட், டேக் எண்களைத் தெளிவாக உரக்கச் சொல்லி, பலகை கேமராவின் ஃபோகஸில் இருப்பதைப் பார்த்து, ஒரே ஒரு முறை அடித்துவிட்டு ஓசையின்றி விலக வேண்டும். நொடிக்கு 24 பிரேம்களில் அந்தக் கட்டைகள் ஒட்டும் ஒரு பிரேமையும் அந்த ‘டப்’ ஒலியையும் பொருத்தித்தான் படமும் ஒலியும் இணைக்கப்படுகின்றன. ஒலியில்லாத ஷாட் என்றால் கட்டைகளை அடிக்கக் கூடாது, இடையில் கையை வைத்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் அடிக்க முடியாமல் முடிவில் அடித்தால் பலகையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்குத் தரப்படும் முதல் பொறுப்பு பெரும்பாலும் இதுவே என்பதால், வீட்டிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது.

சண்டை, நடனம் இருக்கும் காட்சிகளுக்கு அந்தந்த மாஸ்டர்களும் அவர்களுடைய குழுவினரும் வருவார்கள். கூட்டம் வேண்டுமென்றால் துணை நடிகர்களை அழைத்து வரும் ஏஜென்ட் இருக்கிறார். இவர்களைப் பற்றி நீங்கள் ஓரளவு கேள்விப்பட்டிருப்பீர்கள்.

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகு தொடங்கும் வேலைகள் வெளியே அதிகம் தெரிவதில்லை. காட்சி 47 ஒன்றுக்கே படத்தொகுப்பாளர், டப்பிங் பொறியாளர், நனைந்த மண்ணில் செருப்பு அழுந்தும் ஓசையைத் தன் கால்களாலேயே உண்டாக்கும் ஃபோலி கலைஞர், மழைக் குழாயைத் திரையிலிருந்து அழிக்கும் கிராஃபிக்ஸ் குழு, நண்பகலில் எடுத்த ஒரு ஷாட்டையும் மாலையில் எடுத்ததையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவரும் கலரிஸ்ட், ரீ-ரெக்கார்டிங்கில் அந்த மௌனத்துக்கு இசை வேண்டுமா என்று முடிவெடுக்கும் இசையமைப்பாளர், எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் பொறியாளர் என ஒரு தனிக் குழுவே தேவைப்படுகிறது. 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்று பெறுவதற்கான தாள்களைத் தயாரிப்பவர்களும் இதில் அடக்கம். இருட்டில் தனியாக உட்கார்ந்து ஒரே இடத்தை நாற்பது முறை கேட்பது உங்களுக்கு அலுப்புத் தரவில்லை என்றால், இந்தப் பக்கம் வாருங்கள். காது கூர்மையான இளைஞர்களுக்கு ஒலித் துறையில் எப்போதும் இடம் இருக்கிறது.

மேலே சொன்ன பயிற்சியை நீங்களே ஐந்து வெவ்வேறு காட்சிகளுக்குச் செய்து பாருங்கள். எந்தத் துறையின் பட்டியலை எழுதும்போது உங்கள் பேனா நிற்காமல் ஓடுகிறதோ, அந்தத் துறையில் வேலை கேளுங்கள். கேட்கும்போதும், “ஏதாவது வேலை கொடுங்கள்” என்பதைவிட, “கன்டினியூட்டி பழக வேண்டும், ஒரு குறும்படத்துக்கு எழுதிய ஏடு இதோ” என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்பது உடனே விளங்கும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்குச் சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புனேவிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றுக்குக் கல்லூரிப் படிப்பு உண்மையாகவே உதவுகிறது. தயாரிப்பு, உடை, கலை ஆகிய துறைகளில் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்பதே இன்றும் வழக்கம். பெரும்பாலான துறைகளுக்குத் தனித்தனிச் சங்கம் உண்டு. அவை ஃபெப்சி என்று எல்லோரும் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்துள்ளன. உறுப்பினர் அட்டைக்கான விதிகளையும் கட்டணத்தையும் உங்கள் துறைக்குரிய சங்க அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சம்பளத்தை எழுத்தில் பெறுங்கள். என் முதல் படத்தில் ஐந்து மாதங்கள் உழைத்தேன். இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே வந்தது. கேட்கச் சென்றபோது என்னிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மாதச் சம்பளமா, ஷெட்யூலுக்கு, அதாவது தொடர்ந்து நடக்கும் ஒரு கட்டப் படப்பிடிப்புக்கு, இவ்வளவா, பேட்டா தனியா, படம் தள்ளிப்போனால் என்ன ஏற்பாடு என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது பெற்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதால் நீங்கள் சிறுமைப்பட்டுவிட மாட்டீர்கள்.

பாதுகாப்பு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே நடந்த ஒரு படப்பிடிப்பில் கிரேன் சரிந்து குழுவைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். கிரேனுக்குக் கீழேயும், தூக்கிக் கட்டிய விளக்கின் நேர் கீழேயும் நிற்காதீர்கள். காட்சி 47-இல் உள்ளதுபோல் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கும் நாளில், லைட்மேன் சொல்லும் வரை எந்த ஒயரையும் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் மறுத்துச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து படம் வெளியாகும் வேளையில், டைட்டில் கார்டுக்கான பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் இளைய உதவியாளர் ஒருவரிடம் வந்து சேரும். அது உங்களிடம் வந்தால், நினைவிலிருந்து எழுதாதீர்கள். தயாரிப்பு அலுவலகத்தின் அன்றாடப் பதிவேட்டையும் பேட்டா வவுச்சர்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நாள் மட்டும் வந்த தண்ணீர் லாரி ஓட்டுநர் உட்பட ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்தத் துறையின் மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, இனிஷியலையும் எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே பட்டியலை எடிட்டிங் அறைக்கு அனுப்புங்கள்.