இடிந்த கடலோரப் பீரங்கிக் கோட்டையின் வரலாற்றைத் தரையில் தேடுவது எப்படி?

சுவரைப் பார்த்துக் கோட்டையின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். சுவர் அப்படியே நிற்கும், பீரங்கிதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எனவே பீரங்கி மேடைக்கே முதலில் போய், மண்ணையும் செடியையும் விலக்கித் தளத்தைப் பாருங்கள்.

பிரிட்டிஷார் கட்டிய கோட்டை என்றால், பீரங்கியைத் தாங்கும் வண்டி திரும்புவதற்காக வில்போல் வளைத்துப் பதித்த இரும்புத் தண்டவாளம் 19ஆம் நூற்றாண்டின் வாய்வழி குண்டு நிரப்பும் பீரங்கியைக் காட்டும். ஆழமான வட்டக் குழி, சுட்டதும் கீழிறங்கி மறையும் பீரங்கிக்கு வெட்டியதாக இருக்கலாம். 1880களில் இவை பரவலாயின. கான்கிரீட்டில் வட்டமாக நிற்கும் தடித்த போல்ட்டுகள், பின்வழி நிரப்பும் பீரங்கியின் அடையாளம்.

தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் பெயர்த்திருந்தாலும் அது பதிந்திருந்த பள்ளம் இருக்கும். அதன் வளைவின் இரு புள்ளிகளுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றின் நடுவிலிருந்து வளைவுவரை அளவெடுங்கள். கயிறு 2 மீட்டர், இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 2.6 மீட்டர். கயிற்று நீளத்தின் வர்க்கத்தை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்து, இடைவெளியில் பாதியைக் கூட்டினால் கணக்கு வந்துவிடும். வெவ்வேறு ஆரங்கள் கிடைத்தால், ஒரே வண்டிக்கு இரண்டு தண்டவாளங்கள் இருந்தனவா என்று முதலில் பாருங்கள். மையம் ஒன்றாக இருந்தால் பீரங்கியும் ஒன்றாகவே இருக்கலாம். இதைக் கவனிக்காமல்தான் பலர் இரண்டு காலம் என்று எழுதிவிடுகிறார்கள்.

கருங்கல் மேல் கான்கிரீட் படிந்திருந்தால் கான்கிரீட்டே பிந்தியது. மேடைக்கு மேல் கூரை இருந்தால் சுவரோடு அது சேரும் இடத்தைப் பாருங்கள். ஒட்டாத கோடு தெரிந்தால், விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரண்டாம் உலகப்போரில் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கீழே வெடிமருந்து அறைச் சுவரிலுள்ள சிறு மாடத்தைத் துப்பாக்கித் துளை என்று நினைக்க வேண்டாம். அது விளக்கு மாடம். தீப்பொறி மருந்தைத் தொடாதபடி, கண்ணாடிக்குப் பின்னால் தனி வழியில் விளக்கு வைத்தார்கள். அங்கே குண்டை மேலே மேடைக்கு ஏற்றும் செங்குத்துக் குழி மூடியின்றித் திறந்திருக்கலாம். டார்ச் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்ததால் வெடித்துப் பிளந்த கூரைக்கு அடியிலும் நிற்க வேண்டாம்.

அளவுகள் கையில் வந்த பிறகு ஆவணத்துக்குப் போங்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கோட்டைப் பதிவேடுகள் டபிள்யூ.ஓ. (War Office, அதாவது போர்த்துறை) 192 என்ற வரிசையிலும், போர்த்துறை வரைபடங்கள் டபிள்யூ.ஓ. 78 வரிசையிலும் இருக்கின்றன. வரைபடத்தில் இருப்பதெல்லாம் கட்டப்பட்டதல்ல. தரையில் தடம் இல்லாத மேடையைத் திட்டம் என்று மட்டும் குறியுங்கள்.