படிகாரத்தில் படிகம் வளர்ப்போம்: பிள்ளைகளோடு ஒரு வாரப் பரிசோதனை

படிகம் வளர்க்கலாம் என்றதும் பலரும் கற்கண்டில்தான் ஆரம்பிப்பார்கள். எங்கள் பினாங்கு வீட்டில் அது சரிப்பட்டு வரவில்லை. காற்றில் ஈரம் அதிகம், சீனிப்பாகு காயவே காயாது, அதற்குள் எறும்பு வந்துவிடும். உப்பும் வேண்டாம். 100 மில்லி தண்ணீரில் சாதாரணமாக 36 கிராம் உப்பு கரைகிறது என்றால், கொதிக்க வைத்தாலும் 39 கிராம்தான் கரையும். ஆறும்போது வெளியே வர மிச்சம் இருக்காது. படிகாரம் அப்படியில்லை. 20 டிகிரியில் சுமார் 14 கிராம், 50 டிகிரியில் 36 கிராமுக்கு மேல். தண்ணீர் ஆற ஆற, கரைந்து நிற்க இடமில்லாத படிகாரம் வெளியே வந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்குதான் படிகம்.

பினாங்கில் லெபு பாசார் தெருப் பக்கம் மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மலாய்க் கடையென்றால் ‘தாவாஸ்’. திருஷ்டிக்கு வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டுகிறோமே, அதேதான். கட்டியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் மிகவும் பிடிக்கும்.

முதல் நாள்: 200 மில்லி வெந்நீரில் 50 கிராம் தூளைக் கலக்கி முழுக்கக் கரையுங்கள். சூடானதைப் பெரியவர்தான் தொட வேண்டும். கட்டிப் படிகாரத்தில் தூசி இருக்கும், அதனால் சூட்டோடு கோப்பி வடிகட்டும் துணியில் வடிகட்டிவிடுங்கள். கொஞ்சத்தை ஒரு தட்டில் ஊற்றி, மீதியைக் கண்ணாடிப் போத்தலில் மூடி வையுங்கள். ருசி பார்க்கக் கூடாது, கண்ணுக்குள் போகக் கூடாது, கை கழுவ வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் தட்டில் சின்னச் சின்னப் படிகங்கள் கிடக்கும். அவற்றில் ஓரம் உடையாத, தெளிவான ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதுதான் விதை. மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டுங்கள். பருத்தி நூல் வேண்டாம், அதன் சொரசொரப்பில் வேறு படிகங்கள் முளைத்து, விதைக்குப் போக வேண்டியதைத் தின்றுவிடும்.

அப்புறம் போத்தலில் அடியில் தங்கியதை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, ஒரு தேக்கரண்டி தூள் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, முழுக்க ஆறவிடுங்கள். லேசாகச் சூடு இருந்தாலும் விதை கரைந்து காணாமல் போய்விடும். ஆறியதும் விதையை நடுவில் தொங்கவிட்டு, மேலே ஒரு தாளைப் போட்டு மூடுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை நான் ஏர்கோன் உள்ள படுக்கையறையில் வைத்தேன். இரவில் வளர்ந்தது, பகலில் அறை சூடானதும் கரைந்தது. மூன்றாம் நாள் வெறும் நரம்பு மட்டும் தொங்கியது, மகள் அழுதேவிட்டாள். இப்போது போத்தலைத் துண்டில் சுற்றி, போலிஸ்டிரின் பெட்டிக்குள் வைத்து, வெயில் படாத மூலையில் விட்டுவிடுகிறோம். சூடு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் படிகம் கண்ணாடி மாதிரி வரும், அவசரமாகக் குளிர்ந்தால் வெளிறிப் போகும்.

அடியிலோ நரம்பிலோ புதிதாக முளைத்திருந்தால், படிகத்தை எடுத்து வைத்துவிட்டு நீரை வடிகட்டி, மறுபடி ஒரு தேக்கரண்டி சேர்த்து அதே முறையில் செய்யுங்கள். ஒரு வாரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வரும்.

எடுத்துத் துடைத்ததும் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல எட்டு முகங்கள் இருக்கும். இந்தக் காய்ந்த கல்லின் எடையில் 45 சதவீதம் தண்ணீர் என்று சொன்னபோது என் மகள் நம்பவில்லை, அமுக்கிப் பார்த்தாள். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை பூசினால் பளபளப்பு நிற்கும். முகங்களை எண்ணும்போது எட்டுக்கு மேல் வந்தால் தப்பில்லை. முனைகள் சிலசமயம் வெட்டியதுபோல் தட்டையாக வளரும், அதையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.