பினாங்கிலிருந்து லங்காவிக்குப் படகில் ஒரு வாரம்: திட்டம் போடும்போதே செய்துவிடும் தவறுகள்

பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் கடற்கரையில் நின்றால், வானம் தெளிந்த காலையில் வடக்கே கெடாவின் குனோங் ஜெராய் நீலமாகத் தெரியும். அந்தக் காலத்தில் கடாரத்துக்கு வந்த நம் கப்பல்காரர்களுக்கும் அந்த மலைதான் அடையாளம். அதைப் பார்த்ததும் லங்காவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. "மாமா, விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. படகென்றால் ஒரு நாலு மணி நேரம் ஆகுமா?" என்று போன மாதம் அக்கா மகன் கேட்டான். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகு எடுக்கப் போகிறார்களாம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, தூரத்தை மட்டும் பார்த்து வெளிச்சத்தை மறந்துவிடுவது. பினாங்கின் வடக்குக் கரையிலிருந்து லங்காவியின் துறைமுக நகரான குவா வரை ஏறக்குறைய 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட் வேகம். சாதாரண வாடகைப் பாய்மரப் படகுக்கு 5 நாட் வேகம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நியாயம். மலாக்கா நீரிணையில் பல நாள்கள் காற்றே இருக்காது, இன்ஜினை நம்பித்தான் போக வேண்டும். அப்படியென்றால் 12 மணி நேரம். ஜனவரியில் நமக்கு ஏழரைக்குத்தான் விடிகிறது, மாலை ஏழேகாலைத் தாண்டியதும் சூரியன் மறைகிறது. பகல் முழுவதையும் செலவழித்தாலும் போதாது.

இருட்டில் போனால் என்ன என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் முதல் பயணத்தில் பசியாறி, படம் எடுத்து, சாமான் ஏற்றி, பினாங்கை விட்டுக் கிளம்பும்போது மணி பத்து. வழியில் இருக்கும் பாயார் தீவை நெருங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. எட்டரை மணி வாக்கில் இன்ஜின் சத்தம் திடீரென்று கனத்தது, அப்புறம் நின்றேவிட்டது. கேப்டன் கெடாக்காரர், நாங்கள் எல்லோரும் அவரைப் "பாங்" (மலாயில் அண்ணன்) என்றுதான் கூப்பிட்டோம். பின்பக்கம் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். மிதவலை. படகைத் தள்ளும் விசிறியில் நீல நைலான் கயிறு கை மொத்தத்துக்குச் சுற்றியிருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, சமையலறையின் ரொட்டிக் கத்தியோடு கறுப்புத் தண்ணீரில் இறங்கினார். மேலே நாங்கள் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தபடி, அவர் மூச்செடுக்க மேலே வரும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. "அதிகம் அறுக்கக் கூடாது, இது யாரோ ஒருவரின் பிழைப்பு" என்று மேலே இருந்த எங்களிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு குவாவின் விளக்குகள் தெரிந்தும் உள்ளே நுழையாமல், விடியும்வரை வெளியிலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த முடிவுக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கெடா கரையோரம் முழுக்க வலைகளும் விளக்கில்லாத சின்னப் படகுகளும் உண்டு. பகலில் மிதவைக் கொடிகளைப் பார்த்து ஒதுங்கலாம், இரவில் முடியாது. கேப்டன் இல்லாமல் நீங்களே ஓட்டும் வாடகையென்றால், பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரவுப் பயணத்தையே தடை செய்திருக்கும். அதை மீறி ஏதாவது நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. எந்தக் கடல்பகுதிக்குள் போகலாம் என்ற வரம்பும் அதே தாளில்தான் இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

அப்படியானால் வழி? பாயாரை நடுவில் வைத்து இரண்டாகப் பிரிப்பது ஒன்று: பினாங்கிலிருந்து சுமார் 40 கடல் மைல், அங்கிருந்து குவாவுக்கு இன்னும் 19. பாயார் கடல் பூங்கா. பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது, சுற்றிலும் 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. மிதவையில் கட்டி இரவு தங்கலாமா என்பதை மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தங்க முடியாது என்றால் இந்த வழியே கிடையாது. இன்னொன்று, என் மனதுக்குச் சரியென்று படுவது: லங்காவிக்கு விமானத்திலோ, குவாலா கெடாவிலிருந்து ஃபெரியிலோ போய், படகை அங்கே எடுப்பது. நம் ஊரிலிருந்தே பாய் விரித்துப் போவதில் ஒரு பெருமை இருக்கிறது, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஒரு வாரத்தில் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் என்று அந்தப் பெருமையே தின்றுவிட்டால், தீவைப் பார்க்க நாள் ஏது?

ஏனென்றால் "ஒரு வாரம்" என்பது கையில் ஏழு நாளாக வராது. முதல் நாள் மதியம் படகைக் கொடுப்பார்கள், சாமான் ஏற்றி, விளக்கம் கேட்டு முடிக்கவே மாலையாகிவிடும். கடைசி நாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் முழுதாக இருப்பது ஐந்து நாள். அந்த ஐந்திலும் ஒரு நாளை வெறுமையாக விட வேண்டும், வானிலை கெட்டால் அந்த நாள்தான் காப்பாற்றும். படகைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலேயே மாலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். போகக் கூடாத கடலில் மனிதரை இறக்குவது பெரும்பாலும் அந்த டிக்கெட்தான்.

காலம் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்கள் செய்யும் தவறு தனி ரகம். தீபாவளி விடுமுறைக்குப் போகலாம் என்பார்கள். செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழை கொட்டும் மாதங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் இந்தப் பக்கம் நல்ல காலம். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும்போது, நமக்கு மலைத்தொடர் மறைப்பு. பெரும்பாலான காலைகளில் கெடா சமவெளியிலிருந்து நிலக்காற்று வீசும், பத்து பதினொரு மணிக்கு அது ஓய்ந்துவிடும். அதனால் விடியும்போதே பாய் விரிக்க வேண்டும்.

அடுத்தது நாள்காட்டி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, பெரிதாக இருக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. இரண்டு விடுமுறையிலும் நீரோட்டம் வலுத்தே இருக்கும். அஷ்டமியில் வெளியூர் கிளம்பாதே என்று பாட்டி சொல்வாள். கடலிலோ அஷ்டமியை அடுத்த ஓரிரு நாள்கள்தான் நீரோட்டம் சாதுவாக இருக்கும் நாள்கள். நீரிணையில் தண்ணீர் ஏறும் ஏற்றம் தென்கிழக்காகவும், இறங்கும் வற்றம் வடமேற்காகவும் ஓடும். லங்காவி போகும்போது வற்றத்தோடு கிளம்பினால் முதல் ஆறு மணி நேரம் தண்ணீரே தள்ளிவிடும்.

இந்த ஓதத்தை மறந்து நங்கூரம் போடுவது இன்னொரு பெரிய தவறு. வற்றத்தில் 4 மீட்டர் ஆழம் பார்த்துப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். லங்காவியில் பெரிய ஓதத்தில் தண்ணீர் ஏறக்குறைய 3 மீட்டர்கூட ஏறலாம். படகின் அணியம், அதாவது முன்முனை, தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். ஆக 8 மீட்டர், அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி என்றால் 40 மீட்டர். வெறும் 4 மீட்டருக்குக் கணக்குப் போட்டு 20 மீட்டர் விட்டவர், நள்ளிரவில் படகு இழுபடுவதை உணர்வார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது இன்னும் ஆபத்து. "சுமத்ரா" என்று எல்லோரும் சொல்லும் புயல்காற்று அப்போதுதான் மேற்கிலிருந்து, பெரும்பாலும் விடியற்காலைக்கு முன்பு, சுவர் மாதிரி வரும். மாலையில் கண்ணாடி போலக் கிடந்த கடலை நம்பி மேற்கே திறந்த சினாங் கடற்கரையின் முன் தங்காதீர்கள். டாயாங் புந்திங் தீவுப் பக்கம் தீவுகளின் மறைவில் ஒதுங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

லங்காவியிலிருந்து தாய்லாந்தின் கோ லிப்பேவுக்குச் சுமார் 25 கடல் மைல்தான், "அப்படியே போய்விட்டு வரலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது வெளிநாடு. குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் மூன்றிலும் புறப்பாடு பதிய வேண்டும், அந்தப் பக்கமும் நுழைவு பதிய வேண்டும், படகுக்காரரின் அனுமதியும் வேண்டும். போக ஒரு நாள், தாள்வேலைக்கு அரை நாள், வர ஒரு நாள். ஐந்து நாளில் அது கட்டுப்படியாகாது.

தண்ணீருக்கு ஒரே ஒரு கணக்கு: ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் குடிநீர் வைத்தாலே எட்டுப் பேருக்கு ஏழு நாளில் 168 லிட்டர். தொட்டித் தண்ணீரைக் குளிக்க, கழுவ மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தனியாக ஏற்றுங்கள். சாப்பாட்டில் முதல் நாளுக்குப் புளிச்சோறும் நெத்திலி சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள், ஆடும் படகில் யாரும் சமைக்க மாட்டார்கள். கிளம்பும் முந்தின இரவு நாசி கண்டார் கடையில் வயிறு முட்டச் சாப்பிடுவது வேண்டாம். வாந்தி மாத்திரையைக் குமட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தாள். எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள், படகின் பெயர், அதில் இருப்பவர்களின் பெயர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 999-க்கு அழைக்க வேண்டும் என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வலையில் சிக்கிய அந்த இரவு எங்கள் கைப்பேசிகளில் கோடே இல்லை. அம்மா விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரிடம் கேட்பது, என்ன சொல்வது என்று அவளுக்கு நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை.