'புரிஞ்சுது சார்' என்பதை நம்பாதீர்கள்: சமூக ஊடகத்தில் பாடம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பு சில மாதங்களாக என்னிடம் இருக்கிறது. போன வாரம் அவர்களில் ஒருவர் தன் செல்போனை என் கையில் கொடுத்து, "நேத்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவுல போட்ட வீடியோவுக்கு எத்தனை பேர் கட்டைவிரல் காட்டியிருக்காங்க பாருங்க சார்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எட்டு வருடங்களுக்கு முன்னால் இதே பூரிப்போடு நானும் அலைந்திருக்கிறேன். அவரிடம் அந்த நேரத்தில் எதையும் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மைக்கை அணைக்க மறப்பது, வீட்டுக் குழுவுக்குப் போக வேண்டிய படம் வகுப்புக் குழுவில் போய் விழுவது, இதையெல்லாம் எழுதப்போவதில்லை. ஒருமுறை மானம் போனால் தானாகவே சரியாகிவிடும். செய்துகொண்டிருக்கிறோம் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

பார்த்துவிட்டார்கள், அதனால் படித்துவிட்டார்கள் என்று நினைப்பது

நான் இயற்பியல் ஆசிரியர். மேலே எறிந்த பந்து கையை விட்டுப் போன பிறகு அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்பது என் பாடத்தில் ஒரு பழைய தலைவலி. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை ஒன்றுதான்: கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை. மேலே போகும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். ஆனால் பந்து மேலே போகிறதென்றால் அதை ஏதோ ஒன்று மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் யார் மனதுக்கும் தோன்றும்.

இதற்காகப் பதினொரு நிமிட வீடியோ ஒன்று செய்தேன். மூன்று இரவுத் தூக்கம் போனது. பந்தை மெதுவாகப் பறக்கவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, சிவப்பு அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தேன். குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் 'சூப்பர் சார்', 'இப்பதான் சார் புரிஞ்சுது', 'வகுப்புல நடத்துனதவிட இது தெளிவா இருக்கு' என்று வந்து குவிந்தன. கடைசியில் சொன்னது கொஞ்சம் குத்தினாலும் இனித்தது.

ஒரு வாரம் கழித்து வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, பாதி உயரத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும் பந்தின் மேல் விசைகளை வரையச் சொன்னேன். 42 பேர். அதில் 29 பேர் மேல்நோக்கி ஒரு அம்பு போட்டிருந்தார்கள். ஒருவன் அளவுகோல் வைத்து நேராகக் கோடு கிழித்து, பக்கத்தில் 'எறிந்த விசை' என்று அழகான கையெழுத்தில் பெயரும் எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"வீடியோ பார்த்தியா?"

"ரெண்டு தடவ பார்த்தேன் சார்."

"அதுல நான் என்ன சொன்னேன்?"

"பந்து மேல போகப் போக எறிஞ்ச விசை குறைஞ்சுக்கிட்டே வரும், உச்சியில ஈர்ப்பு விசைக்குச் சமமாயிடும்னு சொன்னீங்க சார்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அதற்கு நேர் எதிராகத்தான், நான்காவது நிமிடத்தில், ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தேன். அவன் பொய் சொல்லவில்லை. தன் மனதில் ஏற்கெனவே இருந்ததை என் குரலில் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்தப் பையன்மேல் அல்ல, அதற்கப்புறம் நான் செய்த காரியத்தின்மேல். விளக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, இன்னும் தெளிவாக இன்னொரு வீடியோ செய்தேன். அப்புறம் நல்ல மைக் வாங்கினேன், விளக்கு வாங்கினேன், பின்னணியில் இசை சேர்த்தேன். ஒரு பருவம் முழுக்க இருபதுக்கு மேற்பட்ட வீடியோக்கள். பார்வைகள் ஏறின, பாராட்டுகள் ஏறின. பருவத் தேர்வில் அதே அம்பு, அதே இடத்தில். அந்த இரவுகளைக் கட்டுரை நோட்டுத் திருத்துவதில் செலவழித்திருந்தால்கூட யாருக்காவது பயன்பட்டிருக்கும்.

பிற்பாடுதான் டெரெக் முல்லர் என்பவரின் ஆய்வு கண்ணில் பட்டது. இன்று வெரிட்டேசியம் என்ற யூடியூப் சேனலால் உலகத்துக்கே தெரிந்தவர். 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது ஏறக்குறைய என் தலைவலியைத்தான். இயக்கவியலைத் தெளிவாக விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் 'தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது' என்றார்கள். முன்னும் பின்னும் வைத்த தேர்வில் மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இன்னொரு வடிவத்தில் இருவர் பேசிக்கொள்வார்கள். வழக்கமாக மாணவர்கள் கொள்ளும் தவறான எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்வார், பிறகு அது ஏன் தவறு என்று இருவரும் அலசுவார்கள். இதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் ஏறியது இவர்களுக்குத்தான்.

இதோடு 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்றுப் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்றுப் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நன்றாக நினைவில் நிற்கும் என்று கூடுதலாக நம்பியது யார் என்றால், அந்த நான்கு சுற்றுக்காரர்கள்.

என் குழுவில் நடந்ததும் இதேதான். கட்டைவிரல் விழுவது அந்த ஐந்தாவது நிமிடத்தில். மறதி வருவது ஏழாம் நாள். முதலாவதை நொடிக்கு நொடி எண்ணிக் காட்ட எல்லாச் செயலியிலும் வசதி இருக்கிறது, இரண்டாவதை எண்ணிக் காட்ட எதிலும் இல்லை. எண்ணிக் காட்டப்படுவதையே நாம் துரத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

இங்கே புதியவர்கள் ஒருவர் தவறாமல் கேட்பது: "ஆறு நிமிடத்துக்குள் முடித்தால் போதும் என்று ஆய்வு சொல்கிறதே?" சொல்கிறதுதான். 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில், 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்க்கும் நேரம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் அது அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும், பிறகு கணக்கைப் போட முயன்றார்களா என்பதையும். கற்றார்களா என்பதை அல்ல. ஆறு நிமிடம் முழுக்கப் பார்த்துவிட்டும் மேல்நோக்கி அம்பு போடலாம்.

இப்போது நான் செய்வது சுமாரான வீடியோ. முதலில் வகுப்பிலேயே தாளில் அம்பு போடச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறேன். வீடியோவின் தொடக்கத்தில் 'ஒருத்தன் இப்படி நினைக்கிறான்' என்று அந்தத் தவறான அம்பையே வரைகிறேன். ஒன்றரை நிமிடத்தில், விடை சொல்லாமல், 'நிறுத்திவிட்டு வரைந்து பார்' என்று வீடியோ முடிந்துவிடும். மீதி மறுநாள்தான் வரும். ஏழெட்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், செல்போன் பைக்குள் இருக்கும்போது அதே கேள்வி மறுபடி. கட்டைவிரல்கள் பாதியாகிவிட்டன. 'கொஞ்சம் குழப்பமா இருக்கு சார்' என்றும் வருகிறது. போன வகுப்பில் மேல்நோக்கி அம்பு போட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெயர் தெரியும் வாக்கெடுப்பில் கேள்வி கேட்பது

2022 கடைசியில் வாட்ஸ்ஆப்பில் வாக்கெடுப்பு வசதி வந்ததும் துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன். நான்கு விடைகளைக் கொடுத்து ஒரு கேள்வி போட்டேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் முதலில் 'ஆ' என்று தொட்டாள். அடுத்த நான்கு நிமிடத்தில் 'ஆ'வுக்கு முப்பத்தொரு வாக்குகள். சரியான விடை 'இ'.

யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் கேட்டால், உங்களுக்குக் கிடைப்பது முதலில் பதில் சொன்னவரின் கருத்து மட்டும்தான். அதைப் பார்த்து 'வகுப்புக்கே இந்த இடம் புரியவில்லை' என்றோ 'எல்லோருக்கும் புரிந்துவிட்டது' என்றோ முடிவெடுத்தால் அடுத்த பாடமே கோணலாகிவிடும். டெலிகிராமில் 2020-இலிருந்து வினாடி வினா முறை இருக்கிறது. பெயரை மறைக்கலாம், தான் வாக்களித்த பிறகுதான் மற்றவர்களின் எண்ணிக்கை தெரியும். அதுவும் இல்லையென்றால், வகுப்பில் கண்ணை மூடிக் கை தூக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஆசிரியர் குழுவில் சுற்றிவரும் படங்களை நம்புவது

ஒரு முக்கோணம். உச்சியில் 'படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும்', அதற்குக் கீழே 'கேட்பதில் 20', அடியில் 'பிறருக்குக் கற்பிப்பதில் 90'. உங்கள் குழுவுக்கும் வந்திருக்கும். நான் அதைப் பெரிய திரையில் போட்டு ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த ஆசிரியை எழுந்து, "இந்த எண்ணெல்லாம் எப்படித் தம்பி எல்லாமே பத்துப் பத்தா முழுசா வருது? யார் அளந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன். இந்தப் படத்துக்கு மூலம் என்று சொல்லப்படுவது, எட்கர் டேல் என்ற கல்வியாளர் 1946-இல் வெளியிட்ட 'அனுபவக் கூம்பு' என்ற படம். அதில் எண்களே கிடையாது. பின்னால் யாரோ ஒட்டவைத்தவை. அளந்தவர் யாரும் இல்லை.

'சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள்' என்ற படமும் இதே ரகம். அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். குழுக்களில் அது இன்னும் காலை வணக்கத்தோடு வந்துகொண்டிருக்கிறது.

மாணவர்களுக்குச் சொல்லித்தரவும் இதில் ஒன்று உண்டு. ஒரு இணையப் பக்கம் நம்பத்தகுந்ததா என்று கண்டுபிடிக்கும் வேலையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைன்பர்க்கும் மெக்ரூவும் மூன்று வகையினரிடம் கொடுத்துப் பார்த்தார்கள்: வரலாற்று அறிஞர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தகவல் சரிபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள். முதல் இரண்டு வகையினரில் பலர் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் தோற்றத்தையும் முத்திரையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைவிட்டு உடனே வெளியேறி, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். 'கவனமாகப் படி' என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிட 'முதலில் வெளியே போய்க் கேட்டுவிட்டு வா' என்று சொல்வது மேல்.

மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடுவது

விளக்கம் வேண்டுமா?

சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குத் தொடங்கச் சொல்வது

இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று தங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. 'செயல்திட்டத்தை அங்கே பதிவேற்று' என்று ஐந்தாம் வகுப்பில் சொல்கிறீர்கள் என்றால், பிறந்த வருடத்தை மாற்றிப் போடு என்றுதான் சொல்லித்தருகிறீர்கள்.

இரவு பதினொரு மணிக்குப் பதில் போடுவது

ஒருமுறை போட்டால் தினமும் போட வேண்டும்.

எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும்

வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்த நொடியில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. எனக்கு இது உறைத்தது, ஒரு மாணவி குழுவைவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறிய பிறகு. பாடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவில் வந்த அழைப்புகளைப் பற்றி அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அறிவிப்பு மட்டும் போதுமென்றால் பெற்றோரின் எண்களைக் கொண்டு ஒளிபரப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

ஏழு நிமிடக் குரல் பதிவு

தேர்வுத் தேதி அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராலும் தேட முடியாது. எழுதி அனுப்புங்கள்.