சின்ன கேமராவில் மேடை நடனம்: மங்காமல், தாளம் தப்பாமல் படம் எடுக்க

சலங்கை பூஜை, அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா என்று வீட்டுப் பிள்ளைகள் மேடையேறும்போது, பலர் கையில் இருப்பது சட்டைப்பையில் அடங்கும் ஒரு காம்பாக்ட் கேமராதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகம் மங்கல், கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறிய கோடு, அபிநயம் முடிந்து பிள்ளை திரும்பிய பிறகு விழுந்த முதுகு. உடனே பெரிய கேமரா வாங்கினால்தான் சரிவரும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டனை அழுத்தியதும் சின்ன கேமராவுக்கு வரிசையாகப் பல வேலைகள் இருக்கின்றன. அவற்றை நாம் முன்கூட்டியே முடித்துவைத்துவிட்டால் பழைய கேமராவும் நல்ல படம் தரும். தங்கை மகளின் சலங்கை பூஜைக்கு நான்தான் படம் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டதால் இதையெல்லாம் தேடிப் பிடித்துப் பழகினேன். பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேமராவில் மெனு எங்கே இருக்கிறது, ஜூம் எப்படிச் செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த மங்கல் என்று முதலில் பாருங்கள்

சரியாக வராத பழைய படம் ஒன்றைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கும் திரையும் குத்துவிளக்கும் தெளிவாக இருந்து ஆடுபவர் மட்டும் கலைந்திருந்தால், ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விட ஷட்டர் திறந்து மூடும் வேகம்) போதவில்லை. ஆடுபவர் மங்கலாகி அவருக்குப் பின்னால் இருக்கும் மிருதங்கக்காரர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. விளக்குகளைச் சுற்றிப் புகைபோல ஒளி பரவியிருந்தால் லென்ஸில் விரல் எண்ணெய். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு வேண்டாம், தூசியோடு தேய்த்துக் கோடு போட்டுவிடும்.

இந்தப் பிரிவினை முக்கியம். கை ஆடியதற்கான மருந்து, ஆடுபவர் கலைந்து போனதைத் தீர்க்காது. கேமராப் பெட்டியில் 'ஸ்டெபிலைசேஷன்' என்று பெரிதாக எழுதியிருப்பது நம் கைநடுக்கத்தை மட்டும்தான் ஈடுகட்டும். மேடையில் சுழலும் பிள்ளையை அதனால் நிறுத்த முடியாது.

2. அணைக்க வேண்டியவற்றை வீட்டிலேயே அணையுங்கள்

ஃபிளாஷ் முதலில். காம்பாக்ட் கேமராவின் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் உருப்படியாகப் போகாது. ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து அடித்தால் முன்வரிசைக்காரர்களின் தலைமுடிதான் வெளிச்சமாகும். அதோடு ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகும் வரை கேமரா சும்மா நிற்கும். கண் சிவப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். அது முன்விளக்கை எரியவிட்டு, அப்புறம்தான் படம் எடுக்கும். அதற்குள் அடவே (கை கால் அசைவின் ஒரு கோவை) மாறிவிடும்.

அடுத்து டிஜிட்டல் ஜூம். அது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். எடுத்த படத்தைத் திரையில் சில நொடிகள் காட்டும் ரிவ்யூ, ஃபோகஸுக்காக எரியும் ஆரஞ்சு விளக்கு, பீப் சத்தம், மூன்றும் போகட்டும். திரையின் பிரகாசத்தையும் குறைத்துவிடுங்கள். இருட்டு அரங்கில் பின்னால் இருப்பவரும் தன் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

3. அரை அழுத்தம்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஷட்டர் பட்டனுக்கு இரண்டு நிலைகள். பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடும், வெளிச்சத்தை அளக்கும், இரண்டையும் பூட்டிவைக்கும். முழுதாக அழுத்தினால் படம். ஒரேயடியாக அழுத்தினால் எல்லா வேலையும் வரிசையாக நடந்த பிறகே படம் விழும். பல பழைய காம்பாக்ட்களில் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, எந்த இடத்தில் விளிம்புகள் கூர்மையாகத் தெரிகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கும். வெளிச்சம் குறைந்தால் இந்தத் தேடல் நீளும். அரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஓடும் குழந்தை அதற்குள் இரண்டு மீட்டர் போயிருக்கும். ஃபோகஸை முன்பே பூட்டியிருந்தால் மிச்சத் தாமதம் சாதாரணமாக நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் அடுத்துவருகிறது. பாதி அழுத்திக் காத்திருக்கும்போது விரல் தன்னை அறியாமல் இளகிவிடும். பூட்டு போய்விடும். அந்த நேரம் பார்த்துத் திடீரென்று முழுக்க அழுத்துவோம், கேமரா மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பிக்கும். நாம் பூட்டியிருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்போம். இதற்கு ஒரே வழி விரல் பழக்கம். நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியைப் பட்டன்மேல் படுக்கவையுங்கள். பாதியில் நிறுத்தி, மெதுவாக மூச்சு விட்டு, திரையில் பச்சைக் கட்டம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் கொஞ்சம் மட்டும் கூடுதலாக அழுத்துங்கள். டிவி பார்க்கும்போது கூட இதைப் பழகலாம்.

எதன்மேல் பூட்டுவது? ஃபோகஸ் முறையை 'சென்டர்' என்று வையுங்கள். தானாகப் பல புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை மேடையில் நட்டுவாங்கம் செய்பவரையோ (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்பவர்) பூ அலங்காரத்தையோ பிடித்துக்கொள்ளும். முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி நேராக நிற்கும்போது நன்றாக உதவும், பக்கவாட்டில் திரும்பினால் கைவிட்டுவிடும். சென்டர் கட்டத்தை வெறும் கன்னத்திலோ கருந்திரையிலோ வைக்காதீர்கள், அங்கே பிடித்துக்கொள்ள விளிம்பு கிடையாது. ஒட்டியாணம், தலைச்சாமான், ஜரிகை விசிறி, இவற்றில் ஒன்றின்மேல் வைத்தால் சட்டென்று பூட்டும்.

பூட்டிய பிறகு ஆடுபவர் முன்னால் வந்துவிட்டால்? ஜூம் செய்யாத வைட் முனையில் கவலை வேண்டாம். சின்ன சென்ஸார் (படம் பதியும் சில்லு) என்பதால், இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து அரங்கின் கடைசிச் சுவர் வரை போதுமான கூர்மையோடு விழும். முழு ஜூமில் அப்படியில்லை, அவர் இரண்டடி வைத்தாலும் விரலை விட்டு மறுபடி பூட்டுங்கள்.

4. ஷட்டர் வேகம் எங்கிருந்து கிடைக்கும்?

கைநடுக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 35 மி.மீ. ஃபிலிமுக்கு நிகரான குவியத்தூரம் (ஜூம் கூடக் கூட இந்த எண்ணும் கூடும்) 250 மி.மீ. என்றால் ஷட்டர் 1/250 நொடியாவது வேண்டும், 25 மி.மீ. என்றால் 1/25. ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆடுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. நின்று அபிநயம் பிடிப்பதற்கு 1/125, அடவுக்கு 1/250, குதிப்பதற்கு 1/500 என்பது என் அளவுகோல்.

இதற்கான ஒளியை ஜூம் தின்றுவிடுகிறது. லென்ஸ் திறப்பின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் ஒளி குறையும். நிறைய காம்பாக்ட்களில் வைட் முனையில் எஃப் 2.8ஐ ஒட்டித் தொடங்கும் லென்ஸ், ஜூம் முனையில் எஃப் 5.6ஐத் தாண்டிவிடும். எஃப் 2.8இல் 1/250 கிடைக்கும் அதே மேடையில் எஃப் 5.6இல் 1/60தான் கிடைக்கும், உள்ளே வருவது நான்கில் ஒரு பங்கு ஒளி. ஆகவே ஜூம் செய்வதற்குப் பதில் நகருங்கள். விழா அமைப்பாளர்களிடம் முன்பே கேட்டு மேடையின் ஓரத்தில் தரையில் உட்கார இடம் வாங்குங்கள். எந்த கேமரா வாங்குவதைவிடவும் இது பெரிய வித்தியாசம் தரும்.

ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) கையால் 800இல் வையுங்கள். சின்ன சென்ஸார் கேமராவில் 1600க்கு மேல் போனால், புள்ளிகளை மறைப்பதற்காக கேமரா செய்யும் பூச்சில் புடவை மடிப்பெல்லாம் கரைந்துபோகும். ஆனாலும் புள்ளி விழுந்த படமா, கலைந்த படமா என்று வந்தால் நான் புள்ளியைத்தான் எடுப்பேன். புள்ளியோடு இருக்கும் முகத்தை ஆல்பத்தில் வைக்கலாம்.

அடுத்தது எக்ஸ்போஷர் காம்பென்சேஷன், பிளஸ் மைனஸ் குறி போட்டிருக்கும் பட்டன். மேடையின் பின்திரை கறுப்பு. கேமரா அந்தக் கறுப்பையும் சேர்த்துச் சராசரி பார்த்து, 'இருட்டாக இருக்கிறது' என்று ஒளியைக் கூட்டும். விளைவு, முகம் வெளுத்துப்போய்ப் பொட்டு மட்டும் தெரியும். மைனஸ் 1 வைத்தால் முகத்துக்கு நிறம் திரும்பும், கூடவே 1/60 என்பது 1/125 ஆகிவிடும். மேடைப் படத்துக்கு இதைவிட உதவும் பட்டன் வேறெதுவும் இல்லை.

ஷட்டர் வேகத்தை நேராக அமைக்கும் முறை இருந்தால் பயன்படுத்துங்கள், டயலில் எஸ் (S) அல்லது டிவி (Tv) என்று இருக்கும். இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ் முறை, சில கேமராக்களில் 'கிட்ஸ் அண்ட் பெட்ஸ்' என்ற பெயரில்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு: 30 மடங்கு ஜூம் என்று விற்பதைத் தவிருங்கள். ஜூம் குறைவாகவும் லென்ஸ் பிரகாசமாகவும் இருப்பதைப் பழைய சந்தையில் தேடுங்கள். 2008இல் வந்த பானாசோனிக் எல்எக்ஸ்3 ஜூம் முனையிலும் எஃப் 2.8தான். 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இன்னும் நல்ல தேர்வு. அதன் சென்ஸார் 13.2க்கு 8.8 மி.மீ., வழக்கமான காம்பாக்ட் சென்ஸாரைப்போல் பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு.

5. பிடி

கேமராவை நீட்டிப் பிடிக்காதீர்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். கழுத்தில் மாட்டும் வார் இருந்தால், அது விறைப்பாகும் வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள், நடுக்கம் கண்கூடாகக் குறையும். தூண் கிடைத்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

6. காதால் எடுங்கள்

வெளிச்சம் குறையும்போது காம்பாக்ட் கேமராவின் திரையும் மெதுவாகிவிடும். அதில் நீங்கள் பார்ப்பது சற்று முன் நடந்து முடிந்தது. திரையைப் பார்த்துப் பட்டனைத் தட்டினால் எப்போதும் பின்தங்குவோம். பரதநாட்டியத்தில் இதற்கு அருமையான வழி இருக்கிறது, நட்டுவாங்கத்தைக் கேட்பது.

ஜதியின் (சொற்கட்டுக்கு ஆடும் பகுதி) முடிவில் தீர்மானம், அதாவது அதை முடித்துவைக்கும் கோவை, வரும்போது பெரும்பாலும் ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும். முதல் 'ததிங்கிணதொம்' காதில் விழுந்ததும் பாதி அழுத்திப் பூட்டுங்கள். இரண்டாவதில் படத்தின் சட்டகத்தைச் சரிசெய்யுங்கள், மேலே உயரும் கைக்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றாவதன் 'தொம்' விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அழுத்துங்கள். அங்கே ஆடுபவர் ஒரு கணம் அப்படியே நிற்பார். அசைவும் நின்றிருக்கும், முகபாவமும் முழுமையாக இருக்கும். 1/60 கூடப் போதும் அந்தக் கணத்துக்கு. ஒத்திகைக்கு ஒருமுறை போய், தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தால் எந்த ஜதி எங்கே முடிகிறது என்று பிடிபட்டுவிடும். அந்த ஒத்திகைக்குக் கேமராவே வேண்டாம்.

பர்ஸ்ட் முறையை (அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து படம் எடுப்பது) நம்பி ஜதி முழுக்க அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். சின்ன கேமராவின் நினைவகம் சீக்கிரம் நிறைந்து, கார்டில் எழுதி முடிக்கும் வரை அடுத்த படம் எடுக்க விடாது. சரியாகத் தீர்மானத்தின்போது அது எழுதிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு படங்களோடு விரலை எடுத்துவிடுங்கள்.

பழகுவதற்கு நல்ல இடம் பூங்கா ஊஞ்சல். நடுவில் வரும்போதுதான் அதிக வேகம், இரண்டு முனைகளிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். எதிரே தள்ளி நின்று, முன்முனைக்கு வரும்போது பாதி அழுத்திப் பூட்டிக்கொண்டு, அடுத்த முறை அதே முனைக்கு வருவதற்குச் சற்றுமுன் அழுத்துங்கள். தூரம் மாறாது என்பதால் ஃபோகஸ் சரியாகவே இருக்கும். உங்கள் கேமராவின் தாமதம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: மைனஸ் 1 வைத்தும் ஷட்டர் வேகம் மாறவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்திருக்கிறது. கேமரா வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டது. முதலில் ஐஎஸ்ஓவைக் கையால் வைத்துவிட்டு, அப்புறம் மைனஸ்.

இன்னொன்று: ஏசி அரங்கிலிருந்து வெளியே வந்து பிள்ளையோடு குடும்பப் படம் எடுத்தபோது எல்லாம் பனிமூட்டமாக வந்தது என்று கேட்ட அக்காவுக்கு: சென்னை, நாகப்பட்டினம் மாதிரி புழுக்கமான ஊர்களில் குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிவது சகஜம். துடைத்தாலும் உடனே மறுபடி படியும். வெளியே வருமுன் கேமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். கால் மணிநேரம் போல் பையிலேயே சூடேறட்டும், பிறகு எடுங்கள்.

பழைய கேமராவைத் தூசி தட்டுபவர்களுக்கு: புது 64 ஜிபி கார்டைப் போட்டதும் 'கார்டு எரர்' என்று வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். எஸ்டிஹெச்சி (SDHC) என்ற கார்டு வகை வரை மட்டும் படிக்கும் கேமராக்கள் 32 ஜிபியோடு நின்றுவிடும், அதற்கும் முந்தியவை 2 ஜிபியோடு. கேமராவுக்கு ஏற்ற கார்டாக கிளாஸ் 10 (கார்டில் எழுதும் வேகத்தின் தரம்) ஒன்று வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்து, விழாவுக்கு முந்தின நாளே சில படங்கள் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.