டர்பனில் முதல் பக்கி வாங்கப் போகிறீர்களா? விலை, சுமை, இழுவைக் கணக்கு

டர்பனில் கடை வைத்தாலும் சரி, கேட்டரிங், டைல்ஸ், தோட்ட வேலை என்று எதில் இறங்கினாலும் சரி, கொஞ்ச நாளில் ஒரு பிக்கப் தேவைப்படும். இங்கே எல்லோரும் அதைப் பக்கி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஊரில் குட்டியானையை வாடகைக்குப் பிடித்துப் பழகியவர்களுக்கு இங்கே ஷோரூமில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் கண் விரியும். டொயோட்டா ஹைலக்ஸ் டர்பனுக்குத் தெற்கே புரோஸ்பெக்டனில் தயாராகிறது. ஃபோர்டு ரேஞ்சர் பிரிட்டோரியா பக்கம் சில்வர்டனில், இசுசு டி-மேக்ஸ் போர்ட் எலிசபெத்தில் (இப்போது அதன் பெயர் கெபெர்ஹா). நம்ம மகிந்திராவையும் டர்பனிலேயே அசெம்பிள் செய்கிறார்கள். ஆகவே இந்த நாலுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் பிரச்சினை பெரிதாக வராது. பிரச்சினை வருவது வேறு இடத்தில்: சேல்ஸ்மேன் மாதத் தவணையிலிருந்து பேச்சைத் தொடங்குவார், நாமும் அங்கேயே தலையாட்டிவிடுவோம்.

விலையைக் கடைசியில் பாருங்கள். சாதாரணமான ஒரு வேலை நாளில் உங்கள் வண்டியில் என்ன ஏறும், எத்தனை பேர் உட்காருவார்கள், பின்னால் எதையாவது கட்டி இழுப்பீர்களா என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய லோடுக்காக வண்டி வாங்காதீர்கள். அந்த ஒரு நாளைக்கு லாரி வாடகைக்குக் கிடைக்கும்.

இங்கே 'ஒரு டன் பக்கி' என்று ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கைப் பாருங்கள். டேர், ஜிவிஎம் என்று இரண்டு எடை அச்சாகியிருக்கும். டேர் என்பது வெறும் வண்டியின் எடை. ஜிவிஎம் என்பது ஆட்கள், சரக்கு எல்லாம் ஏறிய பிறகு வண்டி தாண்டக்கூடாத எடை. இரண்டுக்கும் இடையே இருப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. அதில் டிரைவரும் அடக்கம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணத்துக்கு, கழித்துப் பார்த்தால் 1000 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் மூன்று பேர், 240 கிலோ. பின்னால் கனோபி என்கிற மூடு கூரை போட்டிருக்கிறீர்கள், டிரெய்லர் கட்டும் டோ பாரும் மாட்டியிருக்கிறீர்கள், எல்லாம் சேர்த்து ஒரு 90 கிலோ. மிச்சம் 670. கிளேர்வுட் மொத்தச் சந்தையில் உருளைக்கிழங்கு 10 கிலோ பையாகத்தான் கிடைக்கும். அப்படியானால் 67 பை. நூறு பை ஏறும் என்று மனக்கணக்குப் போட்டு வந்தவருக்கு 33 பை துண்டு விழும். இடம் இருக்கத்தான் செய்யும், தாராளமாக அடுக்கலாம். ஆனால் இடம் வேறு, எடை வேறு.

தண்ணீர் விஷயத்தில் இது இன்னும் மோசம். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் வாரங்களில் ஃப்ளோ பின் என்று சொல்லும் ஆயிரம் லிட்டர் சதுரத் தொட்டியைப் பக்கியில் வைத்து நிரப்பிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பீர்கள். தண்ணீர் மட்டுமே ஒரு டன், தொட்டியின் எடை தனி. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைமோதும்போது வண்டியும் கூடவே இழுபடும். ஈர மணலும் அப்படித்தான். ஒரு கன மீட்டரே ஒன்றரை டன்னைத் தாண்டும். ஏற்றக்கூடிய எடை ஏறி முடிந்தாலும், பார்வைக்கு லோட் பின் என்கிற பின்தொட்டி பாதிகூட நிரம்பியிருக்காது.

வண்டி அதிக லோடில் இருப்பதைக் கண்டுபிடிக்க எடைமேடை வேண்டாம். பின்புறம் அமுங்கி மூக்கு தூக்கும். ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்துக் காட்டுவார்கள், உங்கள் லோ பீம் அவர்கள் கண்ணில் விழுகிறது. ஸ்டீரிங் வழக்கத்தைவிட லேசாக இருக்கும். லேசாக இருப்பது சுகமில்லை. முன்சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கைக்கு வராமலே போகலாம்.

சரி, இப்போது விலை. ஒரே ஹைலக்ஸில் அடிமட்ட சிங்கிள் கேபின் (முன்னால் ஒரே வரிசை சீட்) விலையைவிட உச்சிமட்ட டபுள் கேபின் (இரண்டு வரிசை சீட், நாலு கதவு) விலை இரு மடங்குக்கும் மேல் இருக்கும். கூடுதல் பணத்துக்குக் கூடுதல் சுமை கிடைக்கும் என்று நினைத்தால் அது தலைகீழ். சீட், கதவு, ஏசி, ஃபோர் வீல் டிரைவ் எல்லாமே டேர் எடையில் ஏறும். அவ்வளவும் உங்கள் சரக்கிலிருந்து குறையும். ரேஞ்சரில் விலை உயர்ந்தது ராப்டர். அது இழுப்பது 2500 கிலோதான், அதைவிடக் குறைந்த விலை டீசல் ரேஞ்சர்கள் 3500 கிலோ இழுக்கும். ராப்டர் மணலில் பாய்வதற்குச் செய்த வண்டி, அரிசி மூட்டைக்குச் செய்ததல்ல.

வியாபாரத்துக்கு வாட் பதிவு செய்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாட் சட்டம் டபுள் கேபைப் பயணிகள் கார் கணக்கில் வைத்திருக்கிறது. வாங்கும்போது கட்டிய 15 சதவீத வரியைத் திரும்பக் கேட்க முடியாது. வியாபாரத்துக்கு ஓடும் சிங்கிள் கேபுக்குக் கேட்கலாம். வீட்டில் பிள்ளைகளையும் ஏற்ற வேண்டும், சரக்கும் ஏற்ற வேண்டும் என்பதால் டபுள் கேப் வாங்குகிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு சிங்கிள் கேபும் ஒரு பழைய சின்னக் காரும் சேர்ந்து அதைவிட மலிவாக முடிகிற வீடுகள்தான் அதிகம். உங்கள் அக்கவுண்டன்டிடம் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள்ளேயே ஓடி, எடை மட்டும்தான் முக்கியம் என்றால் ஹூண்டாய் எச்100, கியா கே2500 மாதிரி சப்பை மூக்கு டீசல் வண்டிகளையும் பாருங்கள். பக்கத் தட்டிகள் மூன்று புறமும் இறங்கும், தரை தாழ்வு, ஒரு டன் தாராளமாக ஏறும். திருவிழாவுக்கு நாற்காலி, பந்தல் சாமான் ஏற்றி இறக்க இதைவிட வசதி கிடையாது. அழகைப் பார்க்காதீர்கள்.

இழுவைக்கு வருவோம். விளம்பரத்தில் 3500 கிலோ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான், டிரெய்லரின் எடையும் அதில் சேர்ந்து. அடுத்ததாக ஜிசிஎம் என்று ஒரு எண் உண்டு: வண்டி, ஆட்கள், சரக்கு, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை. அதைச் சேல்ஸ்மேன் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள். ஒரு வண்டிக்கு ஜிசிஎம் 5800, டேர் 2000 என்று வையுங்கள். பின்னால் 3500 கிலோவை முழுசாகக் கட்டினால் வண்டிக்குள் மிஞ்சுவது 300 கிலோ. நாலு பேர் உட்கார்ந்தால் அதுவும் முடிந்தது. போதாததற்கு டிரெய்லரின் மூக்கு டோ பாரை அழுத்துகிற எடை வண்டியில் நீங்கள் ஏற்றக்கூடிய எடையிலிருந்துதான் போகும். சரக்கோடு சேர்ந்த டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே அழுத்தும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகத் தப்பாது.

லைசென்ஸில்தான் புதிதாக வருபவர்கள் மாட்டுவது. இங்குள்ள சாதாரண பி லைசென்ஸில் 750 கிலோ ஜிவிஎம் வரை உள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். அதற்கு மேல் போனால் இபி என்கிற வேறு வகை லைசென்ஸ் வேண்டும். டிரெய்லர் காலியாக இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. அதன் ஜிவிஎம் என்ன என்பதுதான் கணக்கு. ஊர் லைசென்ஸை வைத்து ஓட்டுகிறவர்கள், நீங்கள் இழுக்கப்போகும் டிரெய்லருக்கு அது செல்லுமா என்று இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் சரக்குப் போகும் என்றால் என்3 நெடுஞ்சாலையை மனதில் வைத்து எஞ்சின் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, வான் ரீனன் கணவாய் ஏறி, 1700 மீட்டருக்கு மேலே போய்ச் சேர வேண்டும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ டீசலுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஹைலக்ஸில் 2.4 எஞ்சின் ஊருக்குள் தாராளமாகப் போதும். டிரெய்லரோடு மலை ஏறுகிறவர்களுக்கு மட்டும் 2.8-க்குக் கொடுக்கிற கூடுதல் பணம் வீணில்லை. திரும்பி வரும்போது ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் 'டவுன் ஹில்' என்ற சரிவில் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். பிரேக்கை நம்பி முழு இறக்கமும் வந்தால் பாதியிலேயே வாடை அடிக்கும்.

டீசல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். பெட்ரோலைப் போல பம்ப் விலையை அரசு கட்டிப்போடவில்லை, ஆகவே பம்புக்குப் பம்பு வித்தியாசம் இருக்கும். விசாரித்துப் போடுங்கள். புது எஞ்சின்களுக்கு 50 பிபிஎம் டீசல்தான் (அந்த எண் டீசலில் உள்ள கந்தகத்தின் அளவு). பழைய 500 பிபிஎம் மலிவு என்று ஊற்றி இன்ஜெக்டருக்குச் செலவழிக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கீழே குனிந்து பாருங்கள். கடற்கரை ஊர், உப்புக் காற்று. லோட் பின்னின் உள் மடிப்பிலும், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸிலும் துரு முதலில் பிடிக்கும். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் எதற்கு அடித்தார்கள் என்று கேளுங்கள். டோ பார் குண்டு தேய்ந்து பளபளவென்றிருந்தால் அந்த வண்டி நிறைய இழுத்திருக்கிறது. கிளட்சை ஏற்றத்தில் சோதிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஹைலக்ஸ் என்றால் திருட்டு பயத்தில் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் டிராக்கர் கேட்பார்கள், பிரீமியத்தை வாங்கும் முன்பே விசாரியுங்கள். டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கும் ஜப்பான் பழைய வண்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதாக யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அவை அண்டை நாடுகளுக்குப் போகிறவை, சிறப்பு அனுமதி இல்லாமல் இங்கே பதிவு செய்ய முடியாது.

வாங்கியபின் 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், பழைய வண்டி என்றால் அது ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழும் சேர்த்து. தென்னாப்பிரிக்க ஐடி இல்லாதவர்களுக்கு முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வேண்டும். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, போட்டோவோடு போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வர நாளாகலாம். வண்டி பார்க்க ஆரம்பிக்கும்போதே போட்டுவிடுங்கள். அந்த எண் இல்லாமல் வண்டி உங்கள் பெயருக்கு மாறாது.